கறுப்பும் அதன் அயல் நிறங்களும்



ஹனூர்ப் பேருந்து நிலையத்தில், மாதேசுவர மலைக்குச் செல்லும் வண்டிக்காகக் காத்து நிற்கும் பெண்களின் கழுத்தணிகளைச் சற்றே கவனித்தால் ஒரு செய்தி விளங்கும். கன்னட இல்லங்களைச் சேர்ந்த மணமான மகளிர் பலர் அணிந்திருப்பது கரிய மணிகள் கோத்த சரம். அதைக் 'கரிமணி' என்பார்கள். அருகிலேயே நிற்கும் தமிழ்ப் பெண்மணியின் கழுத்தில் இருப்பதோ மஞ்சட் கயிறு. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஆயினும் அந்தத் தமிழ்ப் பெண்மணியிடம், "நல்ல நாளில் கறுப்பு அணியலாமா?" என்று கேட்டால், முகம் சுளிப்பதற்கே இடமுண்டு.

ஹனூர் இவ்வகை ஆராய்ச்சிக்கு ஏற்ற ஊர். முன்பு கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்த இப்பகுதி 1956 நவம்பர் முதல் தேதி வரை சென்னை இராச்சியத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூருடன் சேர்ந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று. ஆகவே இங்குள்ள தமிழருள் பிழைப்பைத் தேடி வந்தவர்களும் உண்டு. தாம் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு நகர்ந்து சென்றமையால் அயல் மாநிலத்தவர் ஆனவர்களும் உண்டு. இரு மொழியும் இரு வழக்கமும் ஒரே தெருவில் குடியிருக்கும் இடத்தில், ஒருவர் உடுத்துவதை மற்றவர் உற்றுப் பார்ப்பது இயல்பே.

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிறியது போலத் தோன்றலாம். கைப்பை, செருப்பு, கடிகாரப் பட்டை, மணிச்சரம், மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஆகிய கறுப்புப் பொருள்களை ஆடையின் நிறங்களோடு எப்படி இணைப்பது என்பதே அது. வீட்டுச் செலவைத் தம் கையால் எழுதி வைப்பவர்கள் இதைச் சிறிது என்று சொல்லமாட்டார்கள். முதன்முதலாக வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் எட்டோ பத்தோ புடவைகள் உள்ளன, சில தாயினுடையவை. ஒவ்வொரு புடவைக்கும் ஒரு பையும் ஒரு ஜோடிச் செருப்பும் வாங்க அவளுடைய சம்பளம் இடங்கொடாது. கறுப்பில் ஒரு நல்ல பை, ஒரு நல்ல செருப்பு வாங்கிவிட்டால் நாலைந்து ஆண்டுக்குக் கவலையில்லை. தாய் அதைத் தடுக்கிறாள், "முதல் நாளே கறுப்பைத் தூக்கிக்கொண்டு போவாயோ?" என்கிறாள். மகளுக்குச் சிக்கனம் பெரிது. தாய்க்குச் சகுனம் பெரிது. அயலூரில் வாழும் தமிழ் இல்லங்கள் பலவற்றில் இந்தச் சொற்போரை நாம் கேட்டிருக்கிறோம்.

தாயின் பக்கம் முற்றிலும் தவறு என்று நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை. ஆனால் கறுப்பைத் தமிழர் எக்காலும் விலக்கியே வந்தனர் என்பது உண்மையன்று. தமிழ் முஸ்லிம்களின் திருமணத்தில் மணமகளின் கழுத்தில் ஏறுவது கருகமணி. வேறு சில குடும்பங்களில் கருவுற்ற பெண்ணுக்குச் சடங்கு நாளில் கறுப்புப் புடவை எடுத்து உடுத்துவிப்பது வழக்கம். பிறந்த குழந்தையின் கையிலும் இடையிலும் கண்ணேறு படாதிருக்கக் கட்டுவது எந்த நிறம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. மராட்டிய நாட்டிலோ, மகர சங்கராந்தி அன்று புதுமணப் பெண் கறுப்புப் புடவை உடுத்துவதே சிறப்பு. நாம் பொங்கலுக்கு மஞ்சளைத் தேடும் அதே நாளில், பம்பாயிலும் புனேயிலும் வாழும் தமிழர்கள் தம் அண்டை வீட்டுப் பெண்களைக் கறுப்பில் காண்கிறார்கள். குளிர்காலத்தில் வெப்பத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் நிறம் அது என்று அதற்குக் காரணமும் கூறுவர். ஆகவே மங்கலம் என்பது நிறத்தில் இல்லை. அந்தந்தக் குடும்பத்தின் நினைவில் இருக்கிறது. திருமண நாளில் பெரியவர்களின் சொல்லுக்கு விட்டுக்கொடுப்பதே நம் கருத்து. வேலை நாளுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

இனி மகளின் பக்கத்துக்கு வருவோம். "கறுப்பு எதனோடும் சேரும்" என்பது அவளுடைய வாதம். கடைக்காரர்களும் இதையே சொல்லி விற்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

பிரான்சு நாட்டில், பாரிஸ் நகரத்துக் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில், மிஷேல் ஷெவ்ரூல் என்னும் இரசாயன அறிஞர் 1824-இல் சாயப் பகுதியின் தலைவரானார். அவர் காதில் விழுந்த புகார்களுள் ஒன்று, அவ்வாலையின் கறுப்புச் சாயத்துக்கு வலுவில்லை என்பது. அவர் கறுப்பு நூலைச் சோதித்தார். பிற ஆலைகளின் கறுப்புக்கு அது தாழ்ந்ததன்று. குற்றம் சாயத்தில் இல்லை. நெசவில் அதன் பக்கத்தில் வைத்த நீலத்திலும் ஊதாவிலும் இருந்தது! ஒரு நிறத்தின் அருகே மற்றொன்றை வைத்தால் இரண்டும் கண்ணுக்கு வேறுபட்டுத் தோன்றுகின்றன என்னும் விதியை அவர் விரிவாக ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். நீலத்தின் பக்கத்தில் கறுப்பு மங்கிப் பழுப்பேறியது போலத் தெரியும். மஞ்சளின் பக்கத்திலோ அது ஆழ்ந்து கருக்கும். மஞ்சளும் ஒளி கூடும். மொழிபெயர்ப்பு அலுவலில் இருக்கும் நமக்கு இது வியப்பாக இல்லை. ஒரே சொல் பக்கத்துச் சொல் மாறியதும் முகம் மாறுவதை நாம் கோப்புகளில் நாள்தோறும் காண்கிறோம்.

கரிமணிச் சரத்தின் அழகும் இதுதான். கறுப்பு மணிகளுக்கு இடையே ஒரு சிறு பொற்குண்டு கோத்தால், அந்தச் சிறிதளவு பொன்னும் பெரிதாக ஒளிர்கிறது. ஷெவ்ரூலைப் படிக்காத பொற்கொல்லர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

இதை அலமாரியில் உள்ள புடவைகளோடு வைத்துப் பார்ப்போம். மாம்பழ மஞ்சள், கடுகு நிறம், செங்கல் நிறம், கிளிப்பச்சை, இளஞ்சந்தனம் இவற்றோடு கறுப்புப் பையும் செருப்பும் தயக்கமின்றிச் சேரும். கொள்ளேகாலத்துப் பட்டில் சரிகைக் கரை இருந்தால் இன்னும் நன்று. சரிகையின் பொன்னும் கறுப்பும் ஒன்றையொன்று தாங்கும். அரக்கு நிறம் சற்று இடர் தரும். வெயிலில் அதனோடு கறுப்பு அழகாயிருக்கும். மாலையில் இரண்டும் ஒன்றாகி இருண்டுவிடும். எம்.எஸ். நீலம், கத்தரிப்பூ நிறம், காப்பிக்கொட்டை நிறம் ஆகியவையே உண்மையில் எச்சரிக்கைக்கு உரியவை. அவற்றின் பக்கத்தில் கறுப்புப் பை, சாயம் போன பை போலத் தோன்றும். அப்பொழுது மெருகுள்ள தோலாகவோ, பித்தளைப் பூட்டு வைத்ததாகவோ பார்த்து எடுக்கவேண்டும். அந்த ஒளிக்கீற்றே கறுப்பை நீலத்திலிருந்து பிரித்துக் காட்டும். இளரோஜா, வான்நீலம் போன்ற மெல்லிய நிறங்களுக்கு இடர் வேறு வகை. அங்கே கறுப்பு மங்காது. ஆனால் பெரிய பை பாறாங்கல்லைத் தூக்கியது போல் கனக்கும். மெல்லிய கடிகாரப் பட்டையும் ஒற்றைச் சர மணியும் போதும்.

புடவையிலேயே ஒரு கறுப்புக் கோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கட்டத்திலோ, ஓர் அச்சுச் சேலையின் கொடியிலோ கறுப்பு மெல்லியதாக ஓடினாலும், கையில் உள்ள பை அதற்குப் பதில் சொல்வது போல அமைந்துவிடும். அப்படி ஒரு கோடும் இல்லாத சேலைக்குக் கறுப்பு இரவிக்கை போடலாம். உடலில் இரண்டு அல்லது மூன்று இடங்களில் கறுப்பு தென்பட்டால் அது எண்ணிச் செய்தது என்று தெரியும். ஒரே இடத்தில் மட்டும் தென்பட்டால், வேறு இல்லாமையால் எடுத்து வந்தது போலிருக்கும். பை, செருப்பு, இரவிக்கை, வளையல், பொட்டு என்று எங்கும் கறுப்பே ஆனாலோ, புடவையை யாரும் பார்க்கமாட்டார்கள். குடை மட்டும் எந்த விதிக்கும் கட்டுப்படாது. மழையில் நிற்பவர் நிறம் பார்ப்பதில்லை.

ஹனூருக்கு அருகே ஒடெயர்பாளையத்தில் திபெத்தியர் குடியேற்றம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய மணமான மகளிர், கருநிற நீள் அங்கியின்மேல், பல நிறப் பட்டைகள் குறுக்கே ஓடும் ஒரு முன்துணியைக் கட்டுவர். தனித்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் அத்தனை நிறங்களும் அந்தக் கரிய அங்கியின்மேல் சண்டையின்றி அமர்ந்திருக்கின்றன. நம் வழக்கத்தில் நிறம் பரந்தும் கறுப்பு சிறுத்தும் இருக்கும், அங்கே தலைகீழ். இரண்டிலும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சரிபாதியாகப் பங்கிட்ட ஆடையில்தான் பூசல்.

ஆடவர்க்கு இரண்டு வார்த்தை. கறுப்பு பூட்சுக்குக் கறுப்பு இடைவாரே பொருந்தும். பழுப்பு வாரோடு கறுப்பு பூட்ஸ் அணிந்து நேர்முகத் தேர்வுக்குச் செல்வோரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வெள்ளை வேட்டிக்குக் கறுப்புச் செருப்பு என்றும் நன்று.

இறுதியாக, கறுப்பு என்பது ஒரே நிறமன்று. பழைய நாளில் கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணியின்மேல், துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் ஊறவைத்து எடுத்த சாற்றை இட்டுக் கறுப்பு உண்டாக்கினர். காளத்தியில் கலம்காரி எழுதுவோர் இன்றும் அப்படிச் செய்கின்றனர். பழந்துணிகளில் கறுப்புக் கோடு ஓடிய இடமே முதலில் இற்றுப்போவது அந்த இரும்பின் வேலை. இக்காலத்துச் சாயங்களில் ஒரு கறுப்பு நீலம் பாயும். மற்றொன்று செம்மை பாயும். தோலின் கறுப்பு வேறு, பருத்தியின் கறுப்பு வேறு, கண்ணாடி மணியின் கறுப்பு வேறு. பருத்தியும் தோலும் சற்று வேறுபட்டால் கண் பொறுத்துக்கொள்ளும். பருத்தி இரவிக்கையும் பருத்திப் பாவாடையும் வேறுபட்டால் பொறுக்காது. ஆகையால் கறுப்புத் துணிக்கு இணை வாங்கப் போகும்போது, வீட்டில் உள்ள துணியை மடித்துப் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடையின் குழல் விளக்கில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசற்படி வரை வந்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அவரும் கொள்முதல் செய்யும்போது அப்படித்தான் பார்த்து வாங்கியிருப்பார்.