அடைபட்ட சிரை அனுப்பும் சேதி

காலையில் எழுந்து பேப்பரைப் பிரித்தால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தலும் இல்லை. மங்கியது ஒரு கண் மட்டும்தான் என்பதால், மறு கண் சமாளித்துக்கொள்கிறது. தற்செயலாக அதை மூடிப் பார்க்கும்போதுதான் விஷயம் உறைக்கிறது. கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால் விழித்திரையில் ரத்தத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். விழித்திரைச் சிரை அடைப்பு என்பது இதன் பெயர். 2015ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இது இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி, திருப்பி எடுத்துச் செல்வது சிரை. இவை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் இடங்களில் ஒரே உறைக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. வயதாலும் ரத்த அழுத்தத்தாலும் தமனி தடித்துப் போனால், அடியில் இருக்கும் மெல்லிய சிரை நசுங்கும். ரத்தம் தேங்கும், உறையும். வடிகால் அடைத்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள்: வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை, வரப்பைத் தாண்டிக் கசிகிறது. விழித்திரையின் நடுவே கூர்மையான பார்வைக்கென்று இருக்கும் மாக்குலாவில் அந்தக் கசிவு சேர்ந்தால் அது வீங்கி, பார்வை மங்குகிறது.

வெறும் அழுத்தத்தால் வரும் கசிவு மட்டுமே இது என்றால் மருத்துவம் வேறு மாதிரி போயிருக்கும். ரத்த ஓட்டம் தடைபட்ட விழித்திரை சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் போதவில்லை என்று ரசாயனச் சேதிகளை வெளியே அனுப்புகிறது. இந்தச் சேதிகளைத்தான் மருத்துவர்கள் உயிரியல் குறிகாட்டிகள் என்கிறார்கள்.

1948இல் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஓர் ஊகத்தை முன்வைத்தார். விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் பரவித்தான் ரத்தக் குழாய்களை வளரச் செய்கிறது என்றார். பின்னால் வந்தவர்கள் அதற்கு ‘எக்ஸ் காரணி’ என்று பெயர் வைத்தார்கள். ஆளைத் தெரியாமலே பிடிவாரன்ட் எழுதியது போலத்தான். ஆள் சிக்கியது கண் மருத்துவத்திலேயே இல்லை, புற்றுநோய் ஆராய்ச்சியில். ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைக் கட்டியிலிருந்து ஊறிய நீரில் 1983இல் ஹார்வர்டில் கண்டார்கள். ரத்தக் குழாய்களை வளரச் செய்யும் ஒரு புரதத்தை 1989இல் கலிபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே என்று தெரியவந்தது. அதன் சுருக்கப் பெயர் விஇஜிஎஃப்.

1994இல் பாஸ்டனில் 164 நோயாளிகளின் கண்ணுக்குள்ளிருந்து எடுத்த திரவத்தைச் சோதித்தார்கள். புதுக் குழாய்கள் முளைத்துக்கொண்டிருந்த கண்களில் விஇஜிஎஃப் ஏகமாக இருந்தது. அவற்றில் சிரை அடைத்த கண்களும் உண்டு. லேசர் சிகிச்சை பலித்தவர்களுக்கு அளவு இறங்கியிருந்தது. மைக்கேல்சனின் ஊகத்துக்குச் சாட்சி கிடைக்க 46 ஆண்டுகள் ஆகின.

அடுத்த கட்டம் 2005இல், மயாமியில். பெருங்குடல் புற்றுநோய்க்காக விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் சந்தைக்கு வந்திருந்தது. மருத்துவர் பிலிப் ரோசன்ஃபெல்ட் அதில் மிகச் சிறு அளவை, விழித்திரையின் மையச் சிரை அடைத்த ஒரு நோயாளியின் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினார். வீக்கம் வடிந்தது. கண்ணுக்கென்றே தயாரான ரானிபிசுமாப் 2010இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. ஆனாலும் விலை குறைவு என்பதால், பெவாசிசுமாப் குப்பியைப் பல ஊசிகளாகப் பிரித்துப் போடும் வழக்கம் இந்தியா உட்படப் பல நாடுகளில் இன்றும் நடக்கிறது.

விஇஜிஎஃப் மட்டும்தான் என்று இல்லை. அடைபட்ட கண்ணின் முன்னறை நீரில் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற அழற்சிப் புரதங்களும் கூடுகின்றன. ஜப்பானில் ஹிதேதகா நோமாவும் அவருடைய சகாக்களும் இதை வருடக்கணக்காக அளந்திருக்கிறார்கள். ரத்தம் எட்டாத பரப்பு அதிகமானால் இவையும் அதிகம். விஇஜிஎஃப்பைத் தடுத்தும் வீக்கம் குறையாத சிலருக்கு, கண்ணுக்குள் வைக்கும் ஸ்டீராய்டு குச்சி பலன் தருவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் அந்த முன்னறை நீரை எடுத்துச் சோதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். முன்னறையில் இருப்பதே கால் மில்லிலிட்டர் அளவுதான். அதில் ஒரு பங்கை மெல்லிய ஊசியால் எடுக்கத்தான் செய்கிறார்கள், ஆராய்ச்சிக்காக. அன்றாட சிகிச்சைக்கு அது வராததற்குக் காரணம் வேறு. எந்த அளவுக்கு மேல் போனால் எந்த மருந்து என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லைக்கோடு இல்லை. முடிவு எப்படி வந்தாலும் முதல் ஊசி பெரும்பாலும் அதே ஊசிதான். மருத்துவர் செய்யப்போவதை மாற்றாத எண், என்னைக் கேட்டால், இன்னும் குறிகாட்டி ஆகவில்லை. விஇஜிஎஃப் ஜெயித்தது அதன் அளவால் அல்ல. நோயின் அடையாளமாக இருந்ததே நோயின் காரணமாகவும் இருந்ததால்தான்.

ரத்தப் பரிசோதனைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். வயதானவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்ப்பது கட்டாயம், கண்ணுக்குள் அழுத்தம் பார்ப்பதும் அப்படித்தான். ஹோமோசிஸ்டீன், ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் எதிர்ப்புரதங்கள் முதலியவற்றைத் தேடுவது, இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாத இளம் வயதினருக்குத்தான் பெரும்பாலும் பொருள் தரும்.

நடைமுறையில் மருத்துவர் நம்புவது ஓசிடி ஸ்கேனை. 1991இல் உலகுக்கு அறிமுகமான இது, விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தது போலச் சில நொடிகளில் படமாக்கித் தருகிறது. வீக்கம் எத்தனை மைக்ரான் என்பது அதில் ஒரு தகவல். அதைவிட முக்கியமானது உள்ளடுக்குகள் ஒழுங்காக இருக்கின்றனவா, கலைந்து போயிருக்கின்றனவா என்பது. கலைந்திருந்தால், வீக்கம் வடிந்தாலும் பார்வை அதே அளவு திரும்பாமல் போகலாம்.

ஒரு செலவும் இல்லாத குறிகாட்டியும் உண்டு. விஇஜிஎஃப் கண்ணின் முன்பக்கம் வரை பரவினால், கண்பாப்பாவின் ஓரத்தில் மெல்லிய செந்நிறக் குழாய்கள் முளைக்கும். கவனிக்காமல் விட்டால் கண்ணின் நீர்வழி அடைபட்டு, கொடிய வலியோடு கிளாக்கோமா வரும். மையச் சிரை அடைப்புக்குப் பின் சுமார் மூன்று மாதத்தில் வருவதால் ‘நூறு நாள் கிளாக்கோமா’ என்றே அதற்குப் பெயர் உண்டு. சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிந்துவிட்டால் இந்தக் குழாய்கள் கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் சொட்டு விடுவதற்கு முன்பே விளக்கடியில் உட்கார வைத்துப் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்பவருக்கு அது வீண் தாமதமாகத் தெரியும்.

ஆஞ்சியோபொயட்டின்-2 என்ற இன்னொரு புரதத்தையும் விஇஜிஎஃப்போடு சேர்த்துத் தடுக்கும் ஃபாரிசிமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா இந்த நோய்க்காக அனுமதி கொடுத்தது. முன்பிருந்த அஃப்லிபர்செப்ட் மருந்தோடு ஒப்பிட்ட இரண்டு பெரிய சோதனைகளில், ஆறு மாதத்தில் இரு பக்கமும் பார்வை ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடியது. கசிவு முழுதாக நின்றவர்கள் மட்டும் புது மருந்துப் பக்கம் அதிகம். அந்த வித்தியாசம் ஊசிகளுக்கு இடையிலான நாட்களைக் கூட்டுமா என்பதைத்தான், ஒவ்வொரு முறையும் ஓசிடி படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போது பார்த்துவருகிறார்கள்.