சர்க்கரை தானாக இறங்கினால் சந்தோஷப்படலாமா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீரிழிவு நீடித்தால் சிறுநீரகம் கெடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கெட்ட பிறகு சர்க்கரை எப்படி நடந்துகொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. அதைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

பல வருஷமாக 250, 300 என்று நின்ற சர்க்கரை, மருந்தைக் கூட்டாமலே 110க்கு இறங்குகிறது. "வியாதி விட்டுப் போச்சு" என்று வீட்டில் மகிழ்ச்சி! ஆனால் கிட்னி கெட்டவருக்கு இது எச்சரிக்கையாக இருக்கலாம். ஏன்?

உடலிலுள்ள இன்சுலினில் ஒரு பகுதியைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால், வழக்கமாகப் போடும் அதே ஊசி ரத்தத்தில் அதிக நேரம் நின்று வேலை செய்யும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அப்படியே. சர்க்கரை 70க்குக் கீழே போனால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. முற்றினால் நினைவு தப்பும். இரவு ஷிப்டில், ஓடும் மிஷின் முன்னால் இது வந்தால் என்ன கதி?

அடுத்து, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அது அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். சிறுநீரகம் கெட்டவருக்கு அந்த ஆயுள் குறைகிறது. சோகைக்கு ஊசி போட்டாலும், ரத்தம் ஏற்றினாலும் புது அணுக்கள் சேருகின்றன. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம் மூன்று மாத நடப்பைக் கேட்டால் என்ன சொல்வார்? கணக்கு, உள்ளதைவிடக் குறைவாக வரும். இரும்புச்சத்துக் குறைவோ கூட்டிக் காட்டலாம். ஆகவே சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அந்த ஒரு கணக்கை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன? விரல் நுனி ரத்தத்தை மீட்டரில் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் காலை வெறும் வயிற்றிலும், சாப்பாட்டுக்கு முன்னும், படுக்கப் போகுமுன்னும் பார்த்து, நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்தை நாமே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. 70க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். நீரிழிவுள்ள எல்லோரும் வருஷம் ஒரு முறையாவது சிறுநீரில் ஆல்புமினும், ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும்.

"ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் காசு வேண்டுமே" என்கிறீர்கள். நியாயம்! கூலியை எண்ணிப் பார்த்து ரத்தம் பார்க்கும் நிலை இருக்கலாமா? இன்சுலினை இலவசமாகக் கொடுக்கும் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரிப்பும் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். நேரத்துக்குச் சாப்பிட இடைவேளை தரும்படி ஆலையிலும் வயலிலும் கேட்போம். இது சலுகையல்ல, தோழர்களே, உயிர்ப் பிரச்சனை!