விசுவாசப் பரீட்சையும் பிறவிக் குற்றமும்



அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர் இரண்டாவது மகாயுத்த காலத்தில் சமத்துவத்திற்காகப் பட்ட பாட்டைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். எங்கேயோ நடந்த சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். பிறப்பைக் கொண்டு மனிதனைக் குற்றவாளியாக்குவது எந்தத் தேசத்தில் நடந்தாலும் அது நம்முடைய சங்கதியேயாகும்.

முதலில் அவர்களுடைய நிலைமையைக் கவனியுங்கள். ஜப்பானிலிருந்து சென்றவர்கள் மேற்குக் கரையில் காய்கறி பயிரிட்டும், மீன் பிடித்தும், கடை வைத்தும் பிழைத்தார்கள். பிரஜா உரிமை கேட்டபோதோ, 1922-ல் ஒசாவா என்பவர் வழக்கில், அவர் வெள்ளையரல்லவாகையால் உரிமையில்லை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்புச் செய்துவிட்டது. அவர் 20 வருஷம் அங்கு வாழ்ந்து, அங்கேயே படித்தவர். அவர் யோக்கியதையில் கோர்ட்டார் குறை கண்டார்களில்லை. பிறப்புதான் குறை! அங்கேயே பிறந்த பிள்ளைகள் மாத்திரம் சட்டப்படி பிரஜைகளானார்கள்.

அந்தச் சட்டமாவது நின்றதா? 1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிற்று. 1942 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார். அதைக்கொண்டு சுமார் 1,20,000 பேரை வீடு வாசல், நிலம் நீச்சு யாவும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போகச் செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். குற்றச்சாட்டு உண்டா? விசாரணை உண்டா? ஒன்றுமில்லை. அனாதை விடுதிக் குழந்தைகளைக்கூட மன்சனார் முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். கைக்குழந்தை எந்த வேவு வேலை பார்க்கும் என்று கேட்கிறோம்.

யுத்த பந்தோபஸ்துக்காக என்றார்கள். அப்படியானால், குண்டு விழுந்த ஹவாயில் ஜனத்தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சத்தார் இருந்தும், அவர்களை ஏன் மொத்தமாக அடைக்கவில்லை? அவர்களுடைய உழைப்பில்லாவிட்டால் அங்கு வேலை நடவாது. ஆகவே பயத்திற்குக்கூட லாபநஷ்டக் கணக்கு உண்டென்று தெரிகிறதல்லவா?

இனி வேடிக்கையைப் பாருங்கள். 1943-ல் முகாமிலிருந்தவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, பட்டாளத்தில் சேருவாயா, அமெரிக்காவுக்கு விசுவாசமாயிருப்பாயா என்று கேட்டார்கள். 1944-ல் முகாம் வாலிபர்களுக்கே கட்டாய ராணுவச் சேவை உத்தரவும் வந்தது. தாய் தகப்பன் வேலிக்குள்ளே. மகன் சுதந்திரத்திற்காகப் போர்முனையிலே!

இதற்கு அவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். ஒரு சாரார் 442-வது படையில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் இரத்தம் சிந்தினார்கள். 1944 அக்டோபரில் எதிரியால் சூழப்பட்ட 211 சிப்பாய்களை மீட்பதற்கு, அதைவிடப் பன்மடங்கு பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். மற்றொரு சாரார் வையோமிங்கிலிருந்த ஹார்ட் மவுண்டன் முகாமில், எங்கள் உரிமையை முதலில் கொடுங்கள், பிறகு வருகிறோம் என்றார்கள். அவர்களில் 63 பேருக்கு 3 வருஷ சிறைத்தண்டனை கிடைத்தது. அதே வருஷத்தில் கலிபோர்னியாவில் ஜட்ஜு குட்மன், வேறொரு முகாமைச் சேர்ந்த வாலிபர்கள் மீதிருந்த அதே மாதிரி வழக்கைத் தள்ளிவிட்டார். சட்டம் ஒன்று, நியாயம் இரண்டு!

சிறை சென்றவர்களுக்கு 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் மன்னிப்பளித்தார். ஆனால் சொந்த சமூகத்தார் அவர்களைக் கோழைகளென்றும், கெட்ட பேர் வாங்கி வைத்தவர்களென்றும் வெகுகாலம் ஒதுக்கி வைத்தார்கள். யுத்த காலத்தில் அவர்களைக் கண்டித்த ஜப்பானிய அமெரிக்கப் பிரஜைகள் சங்கம் 2002-ல்தான் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. ஆள்பவன் செய்த அநியாயத்தைவிட, அவனிடம் நல்ல பேர் வாங்கத் தன் இனத்தானையே தள்ளிவைப்பது மனதை அதிகம் புண்படுத்துவதல்லவா?

குடியேறிய முதியவர்களுக்குப் பிரஜா உரிமை 1952-ல் வந்தது. 1988-ல் அமெரிக்க சர்க்கார் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் செய்தது. அதற்குள் எத்தனையோ பேர் மாண்டுபோனார்கள்.

ஆகவே தோழர்களே! போர்முனையில் செத்தவனும் வீரன். சிறைக்குப் போனவனும் வீரன். இருவரும் கேட்டது சமத்துவமே. ஆனால் ஒன்று யோசியுங்கள். இவ்வளவு இரத்தம் சிந்தினாலொழிய விசுவாசம் ருஜுவாகாது என்ற விதி வெள்ளைக்காரன் பிள்ளைக்கு உண்டா? பரீட்சை எழுதித் தேறினால் கிடைப்பது சன்மானம். பிறந்தவர் எல்லோருக்கும் உள்ளது உரிமை. உரிமையைச் சன்மானமாக்குகிறவன் எவனானாலும், எந்தத் தேசத்தானானாலும், அவனை ஏன் என்று கேட்பதே மானமுள்ள மனிதனின் கடமை என்று சொல்லி முடிக்கிறோம்.