பத்தா, இருபதா?



போன வாரம் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். "ஐயா, ஜட்ஜ் பத்து வருசம் என்று ரெண்டு தடவை சொன்னார். என் பையனுக்கு மொத்தம் பத்தா, இருபதா?"

நல்ல கேள்வி. பத்து வருடம் என்பது சின்னக் காரியமா?

நம் ஹைதராபாத்தைச் சுற்றி மருந்துத் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. ஜீடிமெட்லா, பொல்லாரம், பட்டான்செரு. உலகமே வாங்கும் மருந்து அங்கே தயாராகிறது. ஆனால் மூடிய ஷெட்டில் களவாக அல்பிரசோலம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மனப் பதற்றத்துக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்து அது. களவாகச் செய்தது கள்ளில் கலக்கப் போகிறது. அந்தக் கள்ளுக்குப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பும் வரலாம். குடும்பமே சீரழியும்.

அதனால்தான் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. அல்பிரசோலம் 100 கிராமுக்கு மேல் இருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை. 20 ஆண்டு வரை போகலாம். அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. தயாரித்ததற்கு ஒரு தண்டனை. கூட்டுச் சதிக்கு அதே அளவில் இன்னொன்று. நன்னடத்தைக்காகத் தண்டனையைக் குறைப்பதும் இதில் கிடையாது.

இங்கேதான் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பில் "ஏககாலத்தில்" என்று இருந்தால், இரண்டு பத்தும் சேர்ந்தே ஓடும். பத்தாண்டில் முடியும். "ஒன்றன்பின் ஒன்றாக" என்று இருந்தால் இருபது. பழைய சட்டத்தில் நீதிபதி எதுவும் சொல்லாவிட்டாலும் ஒன்றன்பின் ஒன்றுதான்! 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, குற்றத்தின் கடுமையைப் பார்த்து நீதிபதி எது என்று சொல்லியாக வேண்டும்.

இருபது என்று வந்தால் மேல்முறையீடு செய்யலாம். "குற்றமே செய்யவில்லை" என்றுதான் வாதாட வேண்டும் என்பதில்லை. தண்டனையை மட்டும் எதிர்த்தும் கேட்கலாம். ஒரே செயலில் இரண்டு குற்றம் பிறந்தால், பொதுவாகத் தண்டனையை அடுக்கக் கூடாது என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே ஷெட், ஒரே சரக்கு என்றால் வக்கீல் இதைச் சொல்லுவார்.

ஆனால் வெவ்வேறு வழக்கு என்றால் கதை வேறு. ஹெராயின் வழக்குகள் இரண்டில் ஒருவருக்கு 12 ஆண்டும் 15 ஆண்டும் கிடைத்தன. சேர்த்து ஓட விடுங்கள் என்று கேட்டார். 2021-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனக்கு அது சரி என்றே படுகிறது.

அபராதம் கட்டாவிட்டால் வரும் சிறை தனி. அது எதோடும் சேர்ந்து ஓடாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? காவலில் இருப்பவர் எவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சிறை அதிகாரி மூலமாகவும் மனு கொடுக்கலாம். தீர்ப்பு நகல் இலவசம். உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் கெடு. நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் நாள் அந்த அறுபதில் சேராது.

அந்த அம்மா இன்று வரவில்லை. நகல் வாங்கப் போயிருக்கிறார்.