கதவு திறந்தால் போதுமா?

(தாராசுரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

இவ்வூர்க் கற்றளி இரண்டாம் இராசராசன் எடுப்பித்தது, 12-ஆம் நூற்றாண்டினது. 2004-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. வெளிநாட்டார் வந்து, தேர்போல் அமைந்த மண்டபத்தையும் அதன் கல்லுருளையையும் வியந்து பார்த்துச் செல்கின்றனர். ஆனால், தமிழர் நின்று பார்க்கவேண்டிய இடம் வேறொன்று அங்கு உண்டு. கருவறையின் புறச்சுவரில், அடிப்பகுதியைச் சுற்றிச் சேக்கிழார் பாடிய அடியார்களின் வரலாறு சிற்றுருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. இன்னார் இவர் எனத் தமிழெழுத்தில் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

அவ்வரிசையில் நிற்போர் யார்? அரசரும் அந்தணரும் மட்டுமா? இல்லை. மண் பிசைந்த திருநீலகண்டக் குயவர் நிற்கின்றார். நாகைக் கடலில் வலை வீசிய அதிபத்தர் நிற்கின்றார். ஆடை வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர், ஆடை நெய்த நேசர், யாழ் மீட்டிய பாணர், காரைக்கால் அம்மையார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவார் ஆகியோரும் அடியார் 63 பேருள் அடங்குவர். உழைக்கும் குலத்தார் அனைவரும் ஒரே வரிசையில் நிற்கின்ற காட்சி அது!

கல்லில் இடங்கொடுத்தது இந்த நாடு. கல்வியில் இடங்கொடுத்ததா? அதுவே இன்று எண்ணிப் பார்க்கவேண்டிய வினா.

சோழர் காலத்துக் கல்விக்கூடங்கள் பற்றிப் பெருமை பேசாத தமிழர் இல்லை. பேசட்டும், ஆனால் கல்வெட்டைப் படித்துவிட்டுப் பேசட்டும். விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஒரு பெரிய கல்லூரியின் கணக்கை அப்படியே தருகின்றது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். அவர்களுக்குச் சோறிட 45 வேலி நிலம். 340 பேருள் இளநிலை மாணவர் 270, மேல்நிலை மாணவர் 70. இருக்கு வேதம் ஓதுவோர் 75, யசுர் வேதம் ஓதுவோர் 75 எனப் பட்டியல் நீள்கின்றது. இலக்கணம் பயில்வோரும் உளர். அது வடமொழி இலக்கணம். மீமாஞ்சை பயில்வோரும் உளர். தமிழ் பயில்வோர் எத்தனை பேர்? ஒருவருமில்லர்! தொல்காப்பியத்துக்கு ஓரிடமில்லை; திருக்குறளுக்கு ஓரிடமில்லை.

உழுதவன் தமிழன். நெல் தமிழ் நிலத்து நெல். அந்நெல் இன்னின்னார்க்கு இவ்வளவென்று எழுதிவைத்த கல்வெட்டும் தமிழ். ஆனால் உள்ளே ஒலித்த பாடத்தில் தமிழுமில்லை, உழுதவன் மகனுமில்லை. இதனைச் சொல்வது இராசேந்திரனை இகழ்வதற்கன்று. ஆளுகின்றவன் தமிழனாய் இருந்தாலே கல்வி தமிழர்க்கெல்லாம் உரியதாகிவிடும் என்று உறங்கிவிடலாகாது என்பதற்காகவே.

இனித் தஞ்சை மராட்டியர் காலத்துக்கு வருவோம். அவர்கள் வழிநடைப் பாதைகளில் சத்திரங்கள் கட்டி, ஊர் ஊராக நிலம் எழுதிவைத்தனர். இரண்டாம் சரபோசி 1801-இல் ஆங்கிலேயரின் சார்பாளர்க்கு எழுதிய மடலில், அச்சத்திரங்களில் பார்ப்பனர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவர்க்கும் வேறுபாடின்றிச் சோறு வழங்கப்படுவதாகக் குறித்துள்ளார். அறத்தின் தொடக்கம் அதுவாயிருந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல என்ன நேர்ந்தது? அச்சத்திரச் சொத்தில் நடந்த ஒரத்தநாட்டு மாணவர் விடுதியில் பார்ப்பன மாணவர்க்கு மட்டுமே உண்டியும் உறையுளும் என்றாயிற்று. அதே சொத்தில் நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் வடமொழி மட்டுமே பாடம் என்றாயிற்று. அனைவர்க்கும் எனத் தொடங்கிய அறம் ஒரு சாரார்க்கெனச் சுருங்கிற்று.

1920-களில் தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைமைப் பொறுப்பு நீதிக்கட்சியைச் சேர்ந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வத்திடம் வந்தது. அவர் காலத்தில் ஒரத்தநாட்டு விடுதியின் கதவு பார்ப்பனரல்லாத மாணவர்க்கும் திறந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனார் போன்றோரின் துணையோடு திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் பாடமாயிற்று. தமிழ்ப் புலவர் வகுப்பு அங்குத் தோன்றிற்று. பின்னாளில் எத்தனையோ தமிழாசிரியர்களை அவ்வரசர் கல்லூரி நாட்டுக்கு ஈந்தது.

இவ்விரு செயல்களையும் ஒன்றாக வைத்து நோக்குங்கள். விடுதியைத் திறந்தது ஒன்று. தமிழை உள்ளே கொண்டுவந்தது மற்றொன்று. உழவன் மகனுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்துவிட்டு, அவனுக்குத் தொடர்பே இல்லாத மொழியில் பாடம் சொன்னால் அவன் எத்தனை நாள் தங்குவான்? பாடத்தைத் தமிழாக்கிவிட்டு, விடுதியில் அவனுக்கு இலையில்லை என்றால் அவன் எங்கே தங்குவான்? சோறும் மொழியும் சேர்ந்தே வரவேண்டும் என்பதனைத் தஞ்சை மண் அன்றே காட்டிவிட்டது.

அதன்பின் வந்த போராட்டம் நாடறிந்தது. அரசுப் பணிகளில் 12 இடங்களைப் பங்கிட்டுப் பார்ப்பனரல்லாதார்க்கு 5, பார்ப்பனர்க்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என வழங்கிய வகுப்புவாரி ஆணையை 1928-இல் நடைமுறைக்குக் கொணர்ந்தவர் அமைச்சர் முத்தையா முதலியார். கல்லூரிச் சேர்க்கையிலும் நிலவிய அத்தகைய ஆணையை 1951 ஏப்பிரலில் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு சூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பெற்றது. பிற்படுத்தப்பட்டோர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) என்னும் பிரிவு பிறந்தது. இன்று 69 விழுக்காடு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலில் நிற்கின்றது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது.

கதவு திறந்தது. மறுப்பாரில்லை. ஆனால் கதவு திறந்தால் போதுமா?

ஊர்ப்பள்ளியில் பன்னிரண்டாண்டு தமிழில் பயின்ற பெண்ணொருத்தி, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துள் அடிவைக்கின்றாள் என்று வையுங்கள். தாய் நாற்று நடுபவள்; தந்தை பட்டுத்தறியில் பாவு பிணைப்பவர். முதல் நாள் முதல் பாடம் ஆங்கிலத்தில் நடக்கின்றது. நேற்றுவரை அவளுக்குத் தெரிந்த விசையும் முடுக்கமும் இன்று வேற்றுப் பெயரில் வந்து அவளை மிரட்டுகின்றன. வினாக் கேட்க எழுந்தால் ஆங்கிலத்தில் கேட்கவேண்டும். ஆகவே அவள் எழுவதில்லை. அறிவின்மையால் வந்த வாய்மூடல் அன்று அது. மொழி பூட்டிய வாய்ப்பூட்டு! ஆண்டிறுதியில் அவள் தவறினால், இட ஒதுக்கீட்டில் வந்தவள், தகுதியற்றவள் என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கின்றது. பூட்டைப் போட்டவனே, வாய் திறக்கவில்லை என்று பழிப்பது எத்துணைக் கொடுமை!

ஆங்கிலப் பூட்டு எவரைத்தான் விட்டது? கூப்பிடு தொலைவில் இருக்கும் குடந்தை அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையுடன் சேர்ந்தார் கணித மேதை இராமானுசன். ஆங்கிலத் தேர்வில் தவறினார், உதவித்தொகையை இழந்தார், கல்லூரியையும் துறந்தார். உலகம் போற்றிய கணக்கறிவுக்கே அந்நிலை என்றால், நாற்று நடுபவளின் மகளுக்கு என்ன நிலை?

தமிழில் உயர்கல்வி இயலாது என்பார்க்கு வரலாறே விடை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் என்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1860-களிலேயே மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-களில் கல்லூரிப் பாடங்களுக்கு நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை வெளியிட்டது. 1981-இல் தஞ்சையில் எழுந்த தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியம் படைத்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. அவ்வாண்டே, தமிழ்வழியில் பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. சொல்லும் உண்டு, நூலும் உண்டு, சட்டமும் உண்டு. துணிவு ஒன்றே குறை.

பெல்சிய நாட்டைப் பாருங்கள். அங்குக் கெந்து நகரில் உழவரும் நெசவாளரும் பேசியது பிளெமிய மொழி. பல்கலைக்கழகம் பேசியதோ பிரெஞ்சு. அம்மக்கள் நெடுங்காலம் போராடி 1930-இல் அப்பல்கலைக்கழகத்தைத் தம் மொழிக்கு மீட்டனர். அறிவியல் அங்குச் செத்துவிடவில்லை, வளர்ந்தது. உழைப்பவன் மொழி உள்ளே போனபோது உழைப்பவன் மக்களும் உள்ளே போயினர்.

இனி, தமிழன்பர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளவேண்டிய கடுஞ்சொல் ஒன்று உண்டு. 1968 திசம்பர் 25-இல் இதே காவிரிப் பாசன நாட்டில், கீழ்வெண்மணியில், 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். கூலி உயர்வு கேட்ட உழவுத்தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அவர்கள். எரித்தவனும் தமிழ் பேசினான். எரிந்தவனும் தமிழ் பேசினான். மொழி ஒன்றாயிருந்தும் சாதி அவர்களை ஒன்றாக்கவில்லை. ஆகவே, மொழி ஒன்றே போதும், சாதி தானே மறையும் என்பது பொய்.

மொழித்தூய்மை வேறு, பிறப்புத்தூய்மை வேறு. முன்னது, ஒரு மக்கள் தம் சொல்லைத் தாமே ஆள்வது. பின்னது, ஒருவனை ஒருவன் தீண்டாதே என்பது. பிறமொழிச் சொல்லைக் களைந்துவிட்டுச் சாதிப் பட்டத்தைப் பெயரின்பின் சுமப்பவன் தனித்தமிழன் ஆகான். விடுதியில் தனி வரிசை, தனிக் குவளை, தனி அறை எனக் கேட்கும் மாணவன் எத்துணைத் தூய தமிழில் கேட்டாலும் அது தமிழன்று! இவ்வூரில் வீட்டில் சௌராட்டிர மொழி பேசிக்கொண்டே பட்டு நெய்யும் குடும்பத்துப் பிள்ளையையும், பார்வையற்ற பிள்ளையையும், சேரிப் பிள்ளையையும் ஒரே வரிசையில் அமர்த்துவதே தமிழ்ப் பல்கலைக்கழகம். அல்லாதது, எண்ணாயிரத்துக் கல்லூரியின் மறுபிறப்பே.

எனவே, கேட்கவேண்டியவை நான்கு. முதலாண்டுப் பாடம் ஒவ்வொன்றுக்கும் தமிழ்க் குறிப்பேடும் கலைச்சொற் பட்டியலும் மாணவர் கையில் இருக்கவேண்டும். தேர்வைத் தமிழில் எழுதும் உரிமை பெயரளவில் நில்லாமல், திருத்துவோர் தமிழறிந்தோராய் இருக்கவேண்டும். விடுதிகளில் ஒரே அடுக்களை, ஒரே பந்தி, சாதி பாராத அறைப்பங்கீடு வேண்டும். மாணவர் இருக்கையில் காக்கப்படும் ஒதுக்கீடு, பேராசிரியர் இருக்கையிலும் துணைவேந்தர் இருக்கையிலும் காணப்படவேண்டும். கேட்பது இரக்கமன்று, 45 வேலியையும் உழுதவர்களின் பங்கு!

தாராசுரத்துச் சிற்பி, குயவரையும் பாணரையும் புலையரையும் பெயரெழுதி ஒரே சுவரில் நிறுத்தினான். கல்லால் முடிந்ததைக் கல்வியால் முடித்துக் காட்டுவது தமிழர் கடன். கடனைக் கழியுங்கள்!

தமிழ் வெல்க! சாதி வீழ்க!