வெளியூர் போகும் பிள்ளைக்கு ஐந்து சமையல்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'சிக்கனமான வீட்டுச் சமையல்'. கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்கும் போய், மாட்டையும் பார்த்து, இருக்கிற அரிசியில் ஆறு பேருக்கு ஆக்கிப் போடுகிற உங்களுக்கு நான் சிக்கனம் சொல்லித் தருவதா? அதனால் நம் அடுப்பைப் பற்றி நான் பேசவில்லை. நம் வீட்டை விட்டு வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகளின் அடுப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் குழுவில் 14 பேர். அதில் 9 வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு வெளியூரில் இருக்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் என்று ஆளுக்கொரு ஊர். பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்த கையோடு பேக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்று அடுப்படிப் பக்கம் நாம் கூப்பிடுவதில்லை. போன இடத்தில் ரூம் எடுக்கத் தெரியுது, பேங்க் கணக்கு பார்க்கத் தெரியுது, ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணி என்று கேட்டால் போனில் தேடுறாங்க.

என் அக்கா மகள் ஒருத்தி. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஒரே ரூமில் ஐந்து பெண்கள். காலை ஷிப்ட் 6 மணிக்கு, ஆனால் கம்பெனி பஸ் நாலே முக்காலுக்கே வந்துவிடும். கம்பெனியில் ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. மற்ற இரண்டு வேளையும் இவர்கள் பாடு. காலையில் டீயும் பிஸ்கட்டும். மூன்றரைக்கு ரூமுக்கு வந்து விழுந்தால் தூக்கம். ராத்திரி எழுந்து கடையில் இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், 80 ரூபாய். பரோட்டாவைக் குறை சொல்லவில்லை, நானும் விரும்பிச் சாப்பிடுகிறவள்தான். தினமும் அதுவே சோறாக ஆனால் உடம்பு என்னாவது?

ஒன்பது மாதம் ஓடியது. ஒருநாள் லைனில் வேலை செய்துகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். நம் பெண்களுக்கு இது புதுசில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தச்சோகை என்று வந்திருக்கிறது. இந்தப் பந்தலிலும் எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

என் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். கூட்டிக்கிட்டு வந்துடுறேன். மாமன் மகன் இருக்கான், தை மாசத்துல முடிச்சிடலாம்." அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 19. எனக்குப் போன் பண்ணி ஒரே அழுகை. "சித்தி, சரியா சாப்பிடலன்னு என் வேலையையே பிடுங்குறாங்க சித்தி." அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அவள் சம்பளத்தில்தான் அக்கா குழுக்கடன் கட்டுகிறாள், அதுவும் எனக்குத் தெரியும். நான் அக்காவிடம் மூன்று மாதம் தவணை கேட்டேன். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அவள் விடாமல் சாப்பிட வேண்டும், சமையலுக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு ஒரகடம் பஸ் ஏறினேன்.

ரூமில் போய்ப் பார்த்தால் மூலையில் 5 கிலோ சிலிண்டர் அடுப்போடு இருக்குது. யாரோ விட்டுப் போன 5 லிட்டர் குக்கரும் இருக்குது, ஆனால் அதற்கு வெயிட் இல்லை. எட்டு மாதமாக அந்தக் குக்கர் சும்மா கிடந்ததுக்கு அந்த வெயிட்தான் காரணம். பாத்திரக் கடைக்குப் போய் அளவு பார்த்து ஒரு வெயிட்டும் கேஸ்கட்டும் வாங்கினேன். ஒரு டம்ளர், ஒரு கத்தி, ஒரு கரண்டி, ஒரு வாணலி. வேறு எதுவும் வாங்கவில்லை. நாலு பொருள் இருந்தால் கழுவுவார்கள், பத்து இருந்தால் போட்டு வைப்பார்கள்.

இரண்டு நாள் இருந்தேன். ஐந்தே ஐந்து சமையல்தான் சொல்லிக் கொடுத்தேன். இருபது சொன்னால் இருபதும் மறந்துபோகும். அதற்கும் முன்னால் குக்கர் பாடம். வெயிட் துளையை ஊதிப் பார். அரிசி, பருப்பு, தண்ணி எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது, பருப்பு நுரைத்து வந்து துளையை அடைத்துவிடும். ஆவி தானாக அடங்காமல் மூடியில் கை வைக்காதே. தூங்கப் போகும் முன் சிலிண்டரை மூடு. இந்த நாலையும் ஐந்து பெண்களையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதலாவது அரிசி பருப்புச் சாதம். இரண்டரை டம்ளர் புழுங்கல் அரிசி, அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம்பருப்பு. கழுவி அரை மணி ஊற வைக்கணும். எண்ணெயில் கடுகு, சீரகம், பூண்டு, கை நிறைய சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், ஒன்றரை ஸ்பூன் குழம்புத்தூள், உப்பு. ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றரை டம்ளர் தண்ணி, ஆக ஒன்பது டம்ளர் ஊற்றி ஐந்து விசில். ஆவி அடங்கித் திறந்ததும் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறி, சின்னத் தீயில் ஐந்து நிமிஷம். தட்டில் போட்ட பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளணும். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பில் இருக்கிற வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கணும். அரிசி வீட்டிலிருந்து போனது. மற்றதெல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு 60 ரூபாய் தாண்டவில்லை. அதே ஐந்து பேர் பரோட்டா சாப்பிட்டால் 400.

அரிசி என்றதும் ஒன்று சொல்லணும். நான் கொண்டுபோனது ரேஷன் அரிசி. ஒரு பெண் முறத்தில் கொட்டி, "ஆன்ட்டி, இதுல பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கு" என்று பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். நம் ஊரிலும் இதைச் செய்கிறோம். அது பிளாஸ்டிக் இல்லை அக்கா. அரிசி மாவில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அரிசி மாதிரியே செய்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருந்தார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி என்று பெயர். நிறம் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், கழுவும்போது சிலது மிதக்கும். ரத்தம் இல்லாத பிள்ளை, ரத்தம் ஊறுவதற்காகப் போட்ட அரிசியையே பொறுக்கி எறிகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

இரண்டாவது, பழைய சோறு. இதைச் சமையல் என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நாலு மணிக்கு எழுந்திருக்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல சமையல் எது? அடுப்பே வேண்டாம். ராத்திரி மிஞ்சிய வெள்ளைச் சோறு ஆறியதும் தண்ணி ஊற்றி மூடி வை. காலையில் மோரும் உப்பும் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு, ரெண்டு சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு பஸ் ஏறு. முதலில் அந்தப் பெண்களுக்கு வெட்கம். "ரூம் ஓனர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார்கள். நாலாம் நாள் ஓனர் அம்மாவே ஒரு சொம்பு கேட்டு வந்ததாக எனக்குப் போன் வந்தது.

மூன்றாவது கேழ்வரகுக் கஞ்சி. மாவைப் பச்சைத் தண்ணியில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம்தான் அடுப்பில் வைக்கணும். சுடுதண்ணியில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், அப்புறம் "எனக்கு இது வராது சித்தி" என்று விட்டுவிடுவார்கள்.

நாலாவது, உடைத்து ஊற்றின முட்டைக் குழம்பு. வெங்காயம் தக்காளி வதக்கி, குழம்புத்தூள் போட்டு, புளித்தண்ணி ஊற்றிக் கொதிக்கவிட்டு, முட்டையை ஒவ்வொன்றாகக் குழம்பிலேயே உடைத்து ஊற்றித் தீயைக் குறைக்கணும். ஊற்றியதும் கரண்டி போட்டுக் கலக்கக் கூடாது, அது ஒன்றுதான் இதில் சூட்சுமம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. கறி வாங்க முடியாத வாரத்தில் அதுதான் கறி.

ஐந்தாவது பச்சைப்பயறு. வேலைக்குப் போகும்போது ஊறப்போட்டால் வந்ததும் மூன்று விசிலில் வெந்துவிடும். தாளித்தால் சுண்டல், தண்ணி சேர்த்துக் கடைந்தால் குழம்பு.

இவ்வளவுதான். இதோடு வீட்டிலிருந்து பருப்புப்பொடி ஒரு டப்பா, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். புளிக்காய்ச்சலில் ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் ஒரு மாதம் வரும். போடாதே என்று பாட்டில் மேலேயே எழுதி ஒட்டி அனுப்பினேன்.

நான் திரும்பி வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை வந்திருக்கிறது. என் அக்கா மகள் சின்ன வயசிலிருந்து அவள் அம்மாவோடு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவள். ஒரு நோட்டுப் போட்டு, ஞாயிறுதோறும் ஆளுக்கு 250 ரூபாய் சந்தா வாங்கியிருக்கிறாள். ஐந்து பேருக்கு 1250. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், முறை வைத்து வேலை, எல்லோர் கையெழுத்தும். தீர்மானம் கூட இருக்கிறது: "நைட் ஷிப்ட் முடித்து வருபவர் அன்று பாத்திரம் கழுவ வேண்டியதில்லை என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது." 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய நம் குழு முறை, ஒரகடத்தில் ஒரு வாடகை ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது!

முன்பு ஒருத்திக்கு வாரம் 560 ரூபாய் பரோட்டாக் கடைக்குப் போனது. இப்போது 250. மிச்சத்தில் அவள் தபால் ஆபீசில் மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்.டி. போடுகிறாள். மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் 10.8 வந்தது. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை அது. கஞ்சி மட்டும் குடித்தால் சரியாகிவிடும் என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இன்னும் 12-க்கு வரவில்லை, வர வேண்டும். தை மாதம் வந்து போனது, அக்கா மாமன் மகன் பேச்சை எடுக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். பிளஸ் டூ எழுதின பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் சமையல் கற்றுக் கொடுப்பது என்று. பெண்பிள்ளைகள் வந்தார்கள். பையன்கள் என்றதும் பிரச்சினை. ஒரு அத்தை எழுந்து, "ஆம்பளப் புள்ள கையில கரண்டியக் குடுக்கச் சொல்றியா? நாளைக்கு வர்றவ ஆக்கிப் போடுவா" என்றார். நாளைக்கு வருகிறவளும் ஷிப்டுக்குப் போகிறவளாகத்தானே அத்தை வருவாள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பேரனை அவரே கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து மூன்று மணி நேரம் வேடிக்கை பார்த்தார். பையன் முதல் தடவை வைத்த ரசத்தில் உப்பு இல்லை. "பரவால்ல, போட்டுக்கலாம்" என்று அத்தைதான் முதல் டம்ளர் குடித்தார்.

என் வீட்டில் பத்தாவது படிக்கிற மகன் இப்போது சோறு வடிப்பான், ரசம் வைப்பான். அவன் அப்பா மட்டும் இன்னும் டீ போடுவதோடு நிற்கிறார். அவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்க்கலாமா என்று குழுவில் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷம் வகுப்பு சித்திரை முதல் ஞாயிறு தொடங்குகிறது. மற்ற ஊராட்சிக் குழுக்களிலிருந்தும் பிள்ளைகளை அனுப்பலாம், பணம் எதுவும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு டம்ளர் அரிசி, ஒரு கைப்பிடி பருப்பு, இரண்டு முட்டை கொடுத்தனுப்புங்கள். குக்கர் எங்களிடம் மூன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் வெயிட் தொலைந்து பரணில் கிடக்கும் குக்கர் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், சரி செய்து, வெளியூர் போகும் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடலாம்.