ஏறாமல் அளக்கும் உயரம்



1808ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோண அளவைக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்ற முயன்றார். குன்றில்லாக் காவிரிச் சமவெளியில் தொலைவிடங்களை நோக்கக் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின. கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வாரக்கணக்கில் உழைத்து அவரே அதனைச் சீர்செய்தார்.

தொலைவை நோக்கத்தான் ஏறவேண்டும். கோயிலின் உயரத்தை அளக்கத் தரையே போதும். ஆயினும், விமான உச்சிக்கு நேர்கீழான இடம் கருவறைக்குள் உள்ளது. அதுவரை அளவுநாடா பிடிக்க இயலாது. ஆகவே ஈரிடத்திலிருந்து நோக்குகிறோம். சமதரையில், உச்சி 45 பாகை ஏற்றத்தில் தோன்றும் இடத்தைக் குறிக்கிறோம். அங்கிருந்து நேர் பின்னே சென்று, ஏறத்தாழ 26½ பாகையில் தோன்றும் இடத்தைக் குறிக்கிறோம். முதலிடத்தில், கருவிமட்டத்திற்கு மேலுள்ள உயரமும் தொலைவும் சமம். அடுத்த இடத்தில் தொலைவு அவ்வுயரத்தின் இருமடங்கு. எனவே நாம் பின்னே நடந்த தொலைவே அவ்வுயரம். அதனோடு தரையிலிருந்து கருவி நிற்கும் உயரத்தையும் கூட்டவேண்டும். பலரும் மறப்பது இதனையே.

மாணவர்களே, பாகைமானி, நூல், நூலில் தொங்கும் சிறுகல் ஆகியவற்றைக் கொண்டு உங்கள் பள்ளிக் கட்டடத்தை அளந்து பாருங்கள். ஒரு பாகை தவறினாலும் விடை பிறழும். பலமுறை நோக்கிச் சராசரி காணுங்கள்.

கருவியின் பெயரைக் கடன் வாங்கினோம். கருத்தை விளக்க நம் சொற்களே போதுமாயின. அளந்ததையும் தமிழிலேயே எழுதி வையுங்கள்.